எங்கள் வீட்டில் செத்துப்போன நடிகை

எங்கள் வீட்டு மொசைக் தரையில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். அதைச் சொல்லாமல் இந்த வாரம் என்னால் வேறு எதையும் எழுத முடியாது.

ஊற்றியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பக்கெட்டைச் சாய்த்தார். இன்னொருவர் விளக்குமாற்றால் இழுத்துக்கொண்டே போனார். வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த தரை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகி மறைந்தது. அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தரை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாலிஷ் மிஷின் ஓடிய நாட்களில் வீடெல்லாம் வெள்ளைச் சேறு, நாங்கள் தோப்புச் சாளைக் குடிசையில் சமைத்துச் சாப்பிட்டோம். வேலை முடிந்ததும் சொந்த மச்சானையே செருப்போடு உள்ளே விடாதவர் அப்பா.

"ஏனுங்க, தரை வீணாப் போயிருமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"கழுவினா போயிடும் சார். கிராமத்து வீடுன்னா சாணித் தரைதானே சார் இருக்கணும்?" என்றார் பக்கெட்டுக்காரர்.

எங்களுடையதும் கிராமத்து வீடுதான். கிணத்துக்கடவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது. அந்தக் கிராமத்து வீட்டில்தான் மொசைக் இருந்தது, டெலிபோன் இருந்தது, கிரைண்டர் இருந்தது. சினிமாவுக்கு அவை பிடிக்கவில்லை. டெலிபோனைப் போர்வையால் மூடினார்கள். கிரைண்டரை மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கிப்போனார்கள். கூரை மேலிருந்த ஆன்டெனாவைக் கழற்றிக் கிணற்றோரம் சாத்தினார்கள். நாங்கள் பாடுபட்டுச் சேர்த்ததையெல்லாம் ஒரு காலைப் பொழுதில் ஒழித்துவிட்டு, "இப்பதான் சார் வீடு நேச்சுரலா இருக்கு" என்றார்கள்.

பார்க்காமல் இருக்க வேண்டியதுதானே?

போன வாரம் நான் படங்களைத் திட்டி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருக்கிறார். பார்க்காமல் எப்படி ஐயா திட்டுவது?

தொண்ணூறுகளில் நான் சிங்காநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனிக்கிழமை அரை நாள். மணி அடித்ததும் நானும் ஹாஜிரா டீச்சரும் பஸ் ஏறி மேட்னி ஷோவுக்குப் போய்விடுவோம். அவள் அழுவதற்கு வருவாள், நான் கோபப்படுவதற்குப் போவேன். இரண்டு பேருக்கும் கொடுத்த காசு வீணாகாது.

அப்போது வந்த படங்களில் பாதி எங்கள் பக்கம் எடுத்தவை. பொள்ளாச்சி ரோட்டில் எந்நேரமும் ஒரு சினிமா வேன் நிற்கும். ஆனால் படத்தில் வருகிற ஊர் எங்கள் ஊர் இல்லை. ஆலமரம், அதன் கீழே பஞ்சாயத்து, தோளில் துண்டு, எப்போது பார்த்தாலும் அரிவாள். எங்கள் ஊரில் வழக்கு என்றால் பஸ் ஏறிப்போய் வக்கீலைப் பார்ப்போம். வரப்புத் தகராறில் பேசாமல் போன அண்ணன் தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். அரிவாளை இளநீர் வெட்டுகிற இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த 'ங்க'. வசனத்துக்கு நாலு 'ங்க' போட்டால் கோயமுத்தூர் வந்துவிடும் என்று நினைப்பு. எங்கள் ஆட்கள் கோபம் வந்தால்தான் மரியாதையை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள் என்பது அந்த வசனகர்த்தாக்களுக்குத் தெரியாது. "நெம்ப நல்லா இருக்குதுங்க நீங்க பண்றது" என்று ஒருவர் நிதானமாகச் சொன்னால், சண்டை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நின்றுகொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆகாதது படத்தில் வரும் அம்மா. இடைவேளைக்குள் அவர் செத்தாக வேண்டும். மகனுக்கு ஆத்திரம் வர வேண்டுமே! நாலு இட்லி பரிமாறுவார், ஒரு தடவை இருமுவார், ஐந்தாவது ரீலில் பாடை. அவருக்கு ஒரு பெயர் வைக்கக்கூட யாருக்கும் நேரம் இருக்காது.

உண்மையை எடுக்க வந்தவர்கள்

கதைப் படக்காரர்களையாவது மன்னிக்கலாம். டிக்கெட்டிலேயே அது கதை என்று தெரிந்துவிடுகிறது. டாக்குமெண்டரி எடுக்கிறேன் என்று வந்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வடக்கேயிருந்து வந்த ஒரு கூட்டம் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் விவசாயிகளைப் பற்றிப் படம் எடுத்தது. மோட்டாரை நிறுத்தச் சொன்னார்கள், சத்தம் வருகிறதாம். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பனியன் போட்டிருந்தவரை அதையும் கழற்றச் சொன்னார்கள். பிறகு அவரை வெறும் காலோடு வெயிலில் நிறுத்திவைத்து, கேமராவைப் பார்க்காதே, வானத்தைப் பார் என்றார்கள்.

கோவையில் ஒரு ஹாலில் அதைத் திரையிட்டபோது போயிருந்தேன். கனத்த குரலில் ஒருவர், 'இந்த மனிதனுக்கு வானத்தைத் தவிர வேறு துணை இல்லை' என்று சொன்னார். அந்த மனிதருக்கு இரண்டு போர்வெல்லும் ஒரு டிராக்டரும், கல்லூரியில் படிக்கும் ஒரு மகளும் துணை. படம் முடிந்ததும் எழுந்து கேட்டேன். "அது ஒரு குறியீடு மேடம்" என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கைதட்டல் ஓயும் முன்பே வெளியே வந்துவிட்டேன்.

பொய்யை உண்மை என்று சொல்லி விற்பது கலப்படம். பாலில் தண்ணீர் ஊற்றினால் நாலு பேர் கேட்கிறோம். இதை ஏன் கேட்பதில்லை?

சரி, சாணிக்கு வருகிறேன்.

வந்தவரைக் கேட்பதில்லை

வீட்டுக்கு வருகிறவரை எங்கள் பக்கம் 'என்ன விஷயமாக வந்தீர்கள்' என்று கேட்க மாட்டோம். 'வாங்க' என்போம். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்போம். அவராகச் சொல்லும்வரை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். சினிமாக் கம்பெனி மேனேஜர் வந்தபோதும் அப்பா அதைத்தான் செய்தார். "ஒரு ஃபேமிலி சீன் சார், ஒரே நாள்" என்றார் மேனேஜர். அப்பா சரியென்று சொல்லிவிட்டார்.

"என்ன சீனுன்னு கேக்க வேண்டாமுங்களா?" என்றேன் நான்.

"ஒறம்பரையாட்டம் ஊடு தேடி வந்திருக்கறாங்க. தோண்டித் தோண்டியா கேக்கறது கண்ணு?" என்றார். ஒறம்பரை என்றால் விருந்துக்கு வரும் சொந்தக்காரர்.

அந்தத் தை மாதம்தான் எனக்கு உப்புச் சர்க்கரை மாற்றியிருந்தார்கள். எங்களுக்கு அதுதான் நிச்சயம். மாப்பிள்ளை வீடு சூலூர், தறி ஓட்டும் குடும்பம். கல்யாணம் வைகாசியில். உப்புச் சர்க்கரைக்கும் தாலிக்கும் நடுவில் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போய் அப்படியே நின்றுபோன கல்யாணங்களும் உண்டு.

சாணி காய்ந்த பிறகு ஒரு வண்டியில் பச்சை மூங்கில் வந்து இறங்கியது. கூடவே தென்னை ஓலை.

"பந்தல் போடறாங்களாட்ட இருக்குது" என்றார் அப்பா.

அம்மாவுக்குப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் எங்களுக்கும் தெரிந்துவிட்டது. கட்டியது பாடை.

அம்மா நேராகப் போய் உதவி டைரக்டரிடம், "இது கல்யாண ஊடுங்க சாமி. இங்க வேண்டாமுங்க" என்றார். "நிஜம் இல்லம்மா, சினிமாதானே!" என்று சிரித்தார் அவர். அப்பா, "வாக்குக் குடுத்துப்போட்டனே" என்று முனகிவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டார்.

தனபாக்கியம்மா

பிணமாகப் படுக்க வந்தவர் பெயர் தனபாக்கியம். ஐம்பதைத் தாண்டியவர். படத்தில் ஹீரோவின் அம்மா. தண்ணீர் கேட்டுச் சமையலறைக்கு வந்தார். அம்மா காப்பியே போட்டுக் கொடுத்தார்.

"கல்யாண வீடுன்னு வெளிய பேசிக்கிட்டாங்க. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்" என்றார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கும்மா. பொணமாப் படுத்தவங்களை ஷாட் முடிஞ்சதும் எழுப்பி உக்கார வெச்சு, கேமராவைப் பாத்துச் சிரிக்கச் சொல்லுவாங்க. அதையும் எடுத்துட்டுத்தான் கேமராவை நிறுத்துவாங்க. உங்க வீட்ல நல்லா சிரிச்சுட்டுப் போறேன். ஒரு குத்தமும் வராது."

அம்மாவுக்கு உயிர் வந்தது. ஷாட் முடிந்ததும் கொடுப்பதற்காக இரண்டாவது காப்பிக்குப் பாலை அடுப்பில் வைத்தார்.

சூரியன் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. ஹீரோவுக்கு அழுகை வரவில்லை, கண்ணில் கிளிசரின் விட்டார்கள். வெளியூரிலிருந்து கூட்டிவந்த பெண்கள், எங்கள் உப்புச் சர்க்கரைத் தட்டு வைத்த அதே இடத்தில் உட்கார்ந்து மாரடித்தார்கள். தனபாக்கியம்மா மூக்கில் பஞ்சோடு அசையாமல் கிடந்தார். டைரக்டர் "ஓக்கே" என்றதும் எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள். வெளிச்சம் போவதற்குள் அடுத்த தோப்பில் ஒரு சண்டைக் காட்சி எடுக்க வேண்டுமாம்.

தனபாக்கியம்மா தானாகவே எழுந்து உட்கார்ந்தார். "சார், அந்தச் சிரிப்பு ஷாட்..." என்றார்.

"அதுக்கெல்லாம் ஃபிலிம் இல்லம்மா. வண்டில ஏறுங்க" என்று யாரோ கத்தினார்கள்.

காப்பியோடு அம்மா வெளியே வந்தபோது வேன் வாசலைத் தாண்டிவிட்டது. ஜன்னல் வழியாக ஒரு முகம் திரும்பிப் பார்த்தது.

"சிரிக்கவும் இல்ல. சொல்லிக்கவும் இல்லாமப் போயிட்டாங்களே கண்ணு" என்றார் அம்மா. எழவு வீட்டிலிருந்துதான் எங்கள் பக்கம் யாரும் 'போயிட்டு வாரேன்' சொல்லாமல் கிளம்புவார்கள். தரையைக் கழுவ நாள் கணக்கானது. அம்மாவின் பயத்தை எதைப் போட்டும் கழுவ முடியவில்லை.

சூலூரிலிருந்து வந்த வேன்

சித்திரையில் படம் வெளியானது. ஹாஜிராவோடு போனேன். திரையில் எங்கள் வீடு வந்தது. சாணித் தரை, ஓலை, மாரடிப்பு. எப்போதும் முதல் ஆளாக அழுகிற ஹாஜிரா, அன்றைக்கு அழாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவனுங்க நல்லா இருக்க மாட்டானுங்கடி" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. 'சம்பந்தி வீடு சினிமாவில் வருகிறது' என்று அப்பாதான் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார். என்ன காட்சி என்று சொல்லவில்லை. சூலூரிலிருந்து வேன் பிடித்து, தறி ஓட்டுகிறவர்கள் உட்பட அத்தனை பேரும் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, என் வருங்கால அத்தை, வாசலில் வந்து நின்றார். "வாங்க" என்றோம். அம்மா நீட்டிய தண்ணீர்ச் சொம்பைத் தொடவில்லை.

"ஏனுங்ணா, நெம்ப நல்லா இருக்குதுங்க நீங்க பண்ணுனது" என்றார் அப்பாவிடம்.

நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"சும்மா நடிப்புங்க அம்மணி" என்றார் அப்பா.

"நடிப்போ நெசமோ, எங்கூரே பாத்துப்போட்டுதுங்க. 'உங்க சம்பந்தி ஊட்ல எழவாமா'ன்னு தறிக்கு நூல் கொண்டாறவன் கேக்கறான். உப்புச் சக்கர மாத்துன எடத்துல பாடையக் கட்டி வெச்சிருக்கறீங்க, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலீங்களே. ஒண்ணு, செத்தவளுக்குக் கருமாதி பண்ணித் தீட்டக் கழிச்சுப்போடுங்க. இல்லாட்டி ஒரு வருசம் போகட்டும், பொறகு பாத்துக்கலாமுங்க."

அப்பாவின் மரியாதை எவ்வளவு பெரிய வியாதி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "கருமாதின்னா... அத எங்க வெச்சுப் பண்றதுங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்!

கல்யாணப் பெண் பேசக் கூடாதுதான். பேசிவிட்டேன். "பேரே இல்லாதவங்களுக்கு என்னங்கத்த கருமாதி? கொள்ளி வெச்ச மகன் மெட்ராஸ்ல அடுத்த படத்துக்கு டான்ஸ் ஆடிட்டிருக்கறான். அவனக் கூட்டியாந்து மொட்டை போடறதுங்களா? செத்தவங்க எங்கூட்டுக் காப்பியக் குடிச்சாங்க. எந்திரிச்சு நடந்து போயி வேன்ல ஏறுனாங்க. நான் பாத்தேன்."

அத்தை கடைசிவரை கேட்டார். கோபம் தணிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் விடவில்லை.

"நீ பாத்தே கண்ணு. நாங்க பாத்தது பொணத்தத்தான். படத்துல அந்தம்மா எந்திரிக்கவே இல்லியே! அவங்க உசுரோட வரட்டும். இதே ஊட்ல நடக்கட்டும். எங்க சனம் கண்ணால பாக்கட்டும். அதுக்குப் பொறகு தாலி."

சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார்.

எனக்கு அத்தை மேல் கோபப்பட முடியவில்லை. காட்டியதை மக்கள் நம்புவார்கள், காட்டாததை நம்ப மாட்டார்கள் என்று நான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்ததைத்தான் அவர் என் வீட்டு வாசலில் நின்று நிரூபித்துவிட்டுப் போனார். என் கோபமெல்லாம் அந்தச் சிரிப்புக்கு ஃபிலிம் இல்லை என்றவன் மேல்.

நீல முகம்

அப்பா பொள்ளாச்சிக்குப் போய் லாட்ஜ் லாட்ஜாக விசாரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் கேள்வி கேட்டார். தனபாக்கியம்மா ஆழியாறு பக்கம் வேறொரு படத்தில் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. நானும் கூடப் போனேன்.

ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் நீலச் சாயம். அந்தப் படத்தில் பாம்பு கடித்துச் சாகிறாராம்.

அப்பா தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்டினார். "அவசியம் வந்துரோணுமுங்க." காரணத்தை அவர் சொல்ல மாட்டார் என்று தெரியும். நான்தான் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல்.

அவர் பத்திரிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தனையோ ஊர்ல எத்தனையோ வீட்ல செத்திருக்கேன்" என்றார். "கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட்டதில்லம்மா. என் அக்கா பொண்ணு கல்யாணத்துலயே, 'நீ கொஞ்சம் பின்னால உக்காந்துக்கோ, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க'ன்னு சொல்லிட்டாங்க."

தரைக்காகவும் ஆன்டெனாவுக்காகவும் அத்தனை நாள் பொங்கிய நான், இந்தம்மாவுக்கு நடந்ததை ஒரு நாளும் யோசித்ததில்லை. எங்கள் வீட்டுத் தரையைக் கழுவினால் போய்விட்டது. அவர் முகத்தை எதைப் போட்டுக் கழுவுவது?

அவரே சிரித்தார். நீல முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. "உங்க வீட்ல ஒரு சிரிப்பு பாக்கி இருக்கு. வந்து கொடுத்துடறேன்" என்றார்.

பந்தல்

மண்டபத்தில் நடப்பதாக இருந்த கல்யாணத்தை, எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு நடத்தச் சொல்லிவிட்டார் அத்தை. செத்த இடத்திலேயே நடந்து காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி.

தனபாக்கியம்மா அரக்குக் கரைப் பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு வந்தார். பந்தலில் எல்லாத் தலைகளும் திரும்பின. அத்தை அவர் கையைப் பிடித்து, பந்தலுக்கு நேர் எதிரே தெரிந்த மொசைக் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடத்திக்கொண்டு போனார். "பாருங்க. நல்லாப் பாத்துக்குங்க. உசுரு இருக்குது."

மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பது மாதிரி இருந்தது எனக்கு. மணவறையை விட்டு எழுந்துவிடுவேன் என்று பயந்து அம்மா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அப்போது சூலூர்க்காரர் ஒரு பெரியவர், "நடந்தது சரி. பாடைல படுத்த மொகம், முன்னால உக்கார வெக்காதீங்க அம்மணி" என்றார்.

தனபாக்கியம்மா உடனே பின்வரிசைப் பக்கம் திரும்பினார். அவருக்குப் பழகிய இடம்.

அத்தை கையை விடவில்லை. பெரியவரை நேராகப் பார்த்து, மிக நிதானமாகச் சொன்னார்:

"நெம்ப நல்லா இருக்குதுங்க பெரிப்பா நீங்க சொல்றது."

பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றுகொண்டார்கள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை தன் நாற்காலியிலேயே தனபாக்கியம்மாவை உட்கார வைத்தார். அது முதல் வரிசை, நடு நாற்காலி. சம்பந்திக்கென்று போட்ட நாற்காலி.

தாலி ஏறியபோது அந்தம்மா முதல் பிடி அரிசியைப் போட்டார். பந்தியில் அத்தையும் அவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டார்கள்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. தொலைக்காட்சியில் பழைய படம் போட்டால் தனபாக்கியம்மா வருகிறார். இட்லி பரிமாறுகிறார், இருமுகிறார், சாகிறார். பாம்பு கடித்து, லாரி மோதி, மகன் செய்த துரோகம் தாங்காமல். எத்தனையோ படம் பார்த்துவிட்டேன். ஒன்றிலாவது அவரை இடைவேளையைத் தாண்ட விட்டார்களா? இல்லை. ஒன்றிலாவது பெயர் வைத்தார்களா? அதுவும் இல்லை.

கடைசிவரை அவர் உயிரோடு இருக்கிற படம் ஒன்றுதான். அதை எடுத்தவர் சிங்காநல்லூர் வீடியோக்காரர். அது எங்கள் கல்யாணக் கேசட். அவர் வெளிச்சம் போகிறது என்று ஓடவில்லை. கையில் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டு கடைசி விருந்தாளி போகும்வரை எடுத்தார்.

அதில் தனபாக்கியம்மா, சாணி ஊற்றிய அதே இடத்தில் நின்று, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். வாய் நிறைய வெற்றிலை. பிறகு கும்பிட்டுவிட்டு, எங்களிடம் கற்றுக்கொண்ட எங்கள் பேச்சிலேயே சொல்கிறார்:

"போயிட்டு வாரேனுங்க."